நாற்றுத் தொட்டி: எந்த அளவு, எந்தப் பிளாஸ்டிக், எத்தனை ஓட்டை?

மாடித்தோட்டம் கேள்வி–பதில் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. விதை முளைக்கவைக்கும் சின்னப் பிளாஸ்டிக் தொட்டிகளைப் பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் உரம், பூச்சிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, முழுப் பகுதியையும் தொட்டிக்கே கொடுத்திருக்கிறோம்.

வாசகி, தண்டையார்பேட்டை: மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், ஒன்றிரண்டு கொடிகள் வைக்க ஆசை. கடையில் 2 இஞ்ச், 3 இஞ்ச், 4 இஞ்ச் என்று தொட்டிகளை அடுக்கிக் காட்டுகிறார்கள். எதை, எத்தனை வாங்குவது?

பதில்: செடி எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நாற்று அந்தத் தொட்டியில் எத்தனை நாள் இருக்கப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வந்துவிடும். கத்தரிக்கு 30–35 நாள், மிளகாய்க்கு 35–40 நாள் ஆகும். பாகல், புடலை, பீர்க்கன் போன்ற கொடிகள் 12–15 நாளிலேயே இடம் மாறியாக வேண்டும். அவற்றின் வேர் வேகமாக ஓடும், அசைத்தால் பொறுக்காது.

இனி கொள்ளளவு. மேல்வாய் 5 செ.மீ., உயரம் 5 செ.மீ. உள்ள 2 இஞ்ச் தொட்டி ஏறத்தாழ 70 மி.லி. கலவை கொள்ளும். 3 இஞ்ச் தொட்டி 7 செ.மீ. உயரமிருந்தால் 230 மி.லி.; 4 இஞ்ச் தொட்டி 9 செ.மீ. உயரமிருந்தால் அரை லிட்டர். இஞ்ச் கணக்கில் ஒன்றுதான் கூடுகிறது, ஆனால் உள்ளே போகும் கலவை மும்மடங்கு, இருமடங்கு என்று ஏறுகிறது. 70 மி.லி. தொட்டி சென்னை வெயிலில் நண்பகலுக்குள் காய்ந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அது சரிப்படாது. அதற்காக நேராக அரை லிட்டர் தொட்டியில் ஒரு மிளகாய் விதையைப் போட்டால் வேறு தொல்லை வரும்: சின்ன வேரால் அத்தனை ஈரத்தையும் குடிக்க முடியாது, கலவை நாள்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும், தண்டு அடியில் அழுகும்.

ஆகவே தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் 3 இஞ்ச். கொடிகளுக்கு மட்டும் 4 இஞ்ச். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 6 தக்காளி, 4 கத்தரி, 4 மிளகாய், 3 கொடி போதும். முளைக்காமல் போவதற்கும் நோஞ்சானாக வருவதற்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு போடுங்கள்: 3 இஞ்சில் 21, 4 இஞ்சில் 5. நூறு தொட்டிக் கட்டு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த 26 தொட்டிகளையும் நிரப்ப ஏழரை லிட்டர் கலவை வேண்டும். கடையில் கிடைக்கும் 650 கிராம் கோகோபீட் (தென்னை நார்க் கழிவு) கட்டி ஒன்றை 3 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் சுமார் 8 லிட்டர் உதிரும். அதிலிருந்து ஆறு லிட்டரை எடுத்து, இரண்டு லிட்டர் மண்புழு உரம் கலந்தால் கணக்கு சரியாகிவிடும். கைப்பிடி கலவையைப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். கொஞ்சம் ஆறவிட்டு நிரப்புங்கள்.

கடைக்குப் போகும்போது ஓர் அடிக்கோலைக் கையோடு கொண்டுபோங்கள். ‘3 இஞ்ச்’ என்பது பெரும்பாலும் விளிம்பையும் சேர்த்த வெளிவாய் அளவு. அதே பெயரில் 5 செ.மீ. உயரமே உள்ள குட்டைத் தொட்டியும் விற்கிறது. அது 150 மி.லி.தான் கொள்ளும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. உயரத்தை அளக்காமல் விலையை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

வாசகர், கொருக்குப்பேட்டை: போன வருஷம் மலிவாக இருக்கிறதே என்று நூறு கறுப்புத் தொட்டி வாங்கினேன். ஒரு கோடைக்குப் பிறகு தொட்டாலே நொறுங்குகிறது. நல்ல பிளாஸ்டிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கறுப்பாக இருக்கிறது என்பதற்காக வெயிலைத் தாங்கிவிடும் என்று சொல்ல முடியாது. கறுப்பு நிறம் தரும் கரித்தூள் சரியான அளவில் சேர்ந்திருந்தால் புற ஊதாக் கதிரை அது தடுக்கும். பெயருக்குச் சாயம் ஏற்றியிருந்தால் தடுக்காது. கண்ணால் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. எடை, வளைவு, மிதப்பு மூன்றையும் வைத்துத்தான் கணிக்க முடியும்.

முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன். நாற்றுத் தொட்டிக்கு அதுதான் ஏற்றது: வளையும், கசக்கினால் பழைய உருவத்துக்குத் திரும்பும். 6 என்றால் பாலிஸ்டைரீன். வெயில்பட்டால் முறுகிப்போய்ப் பட்டென்று உடையும். 1 என்பது தண்ணீர் பாட்டில் ரகம். மெல்லிய தட்டுகள் இதில் வரும். நம் ஊர்ச் சின்னத் தொட்டிகள் பலவற்றில் எண்ணே இருக்காது. அப்போது ஒரு தொட்டியை வாங்கிவந்து விளிம்பில் நகமளவு வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். பாலிபுரோப்பிலீனும் பாலித்தீனும் தண்ணீரைவிட லேசு, மேலே வந்துவிடும். பாலிஸ்டைரீன் மூழ்கும். 5 என்று போட்டிருந்தும் மூழ்கினால், எடைக்காகச் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட தொட்டி கையில் கனமாக இருக்கும், மடக்கினால் விரிசல் விடும்.

அடுத்து எடை. 7 செ.மீ. உயரமுள்ள 3 இஞ்ச் தொட்டியின் சுவர் அரை மில்லிமீட்டர் தடிப்பென்றால் ஒன்று 7–8 கிராம் இருக்கும். ஒரு மில்லிமீட்டரென்றால் 15 கிராம். பத்தை ஒன்றாகத் தராசில் வைத்தால் 75 கிராமா, 150 கிராமா என்று தெரிந்துவிடும். 50 கிராமுக்குக் கீழே வந்தால் ஒரு பருவத்துக்குத்தான் என்று தெரிந்தே வாங்குங்கள். தொடர்ந்து நாற்று விடுகிறவர்கள் தொட்டி ஒன்று 12 கிராமுக்கு மேல் இருப்பதைத் தேடுவது நல்லது.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. வாய் விளிம்பின் இரு பக்கத்தையும் விரலால் அமுக்கி ஒன்றோடொன்று தொடவிடுங்கள். விட்டதும் வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு அழுத்தமாக விழுந்தால் அங்கேதான் நாளை கீறும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய அடுக்கிலிருந்து ஒரு தொட்டியை உருவிப் பாருங்கள். உள்ளே சிறு படி அல்லது மேடு இருக்கும் தொட்டி லேசாக வரும். அது இல்லாதவை ஒட்டிக்கொள்ளும். உருவும்போதே விளிம்பு கிழிந்துவிடும்.

நொறுங்கிய தொட்டிகளை உடனே அப்புறப்படுத்துங்கள். துணுக்குகள் கலவையில் விழுந்தால் பொறுக்கி எடுக்க முடியாது.

வாசகி, வியாசர்பாடி: ஹவுசிங் போர்டு வீடு, பால்கனி மட்டும்தான். தொட்டியில் ஓட்டை இருந்தும் தண்ணீர் தேங்கி நாற்று மஞ்சளாகிறது. அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். சின்னத் தொட்டியில் ஜல்லி நிலைமையை இன்னும் மோசமாக்கும். கலவையில் நுண்ணிய துளைகள், ஜல்லியில் பெரிய இடைவெளிகள். நுண்துளை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுக்க நனைந்து தாங்கமுடியாத நிலை வந்த பிறகுதான் கீழே உள்ள பெரிய இடைவெளிக்கு விடும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் ஈரப்பட்டை நிற்கத்தான் செய்யும். ஜல்லி போட்டால் அந்தப் பட்டை மேலே ஏறி வேர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். 7 செ.மீ. தொட்டியில் 2 செ.மீ. ஜல்லி என்றால் வேருக்கு மிச்சம் 5 செ.மீ.; அதிலும் பாதி சகதி.

குட்டைத் தொட்டியைவிட உயரமான தொட்டி நன்றாக வடிவதற்கும் இதுவே காரணம். அடியில் நிற்கும் ஈரப்பட்டையின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான். உயரமான தொட்டியில் அதற்கு மேல் காற்றோட்டமான பகுதி மிஞ்சும், குட்டையில் மிஞ்சாது.

இனி உங்கள் தொட்டியின் அடியைப் பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டை, அடி சப்பையாகத் தரையோடு ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் பால்கனித் தரையே ஓட்டைக்கு மூடியாகிவிடும். 3 இஞ்ச் தொட்டிக்கு 6–8 மி.மீ. அளவில் நான்கு ஓட்டையாவது வேண்டும். அவை அடியின் ஓரத்தில், பக்கச் சுவரிலும் கொஞ்சம் ஏறியபடி இருந்தால் மிகச் சிறப்பு. அடியில் சிறு கால்களோ மேடுகளோ இருக்கும் தொட்டியைப் பார்த்து எடுங்கள். இருப்பதை வைத்துச் சமாளிப்பதென்றால் இரண்டு மரச்சட்டத்தின் மேல் தொட்டிகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒரு விரல் உயரம் கிடைத்தாலே போதும்.

கலவையில் தோட்டத்து மண் கலந்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. கலந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். களிமண் கலந்த மண் சின்னத் தொட்டியில் இறுகிக் கட்டியாகும், எத்தனை ஓட்டை இருந்தாலும் வடியாது.

வாசகர், காசிமேடு: மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகள் எங்களுக்குச் சும்மாவே கிடைக்கும். அதில் நேராக விதை போடலாமா?

பதில்: நேராக விதை போட வேண்டாம். தொட்டிகளை அடுக்கிவைக்கும் பெட்டியாகப் பயன்படுத்துங்கள். அந்த வேலைக்கு அதைவிட நல்லது கிடைப்பது கடினம். மீனும் பனிக்கட்டியும் இருந்த பெட்டியின் உட்புறத்தில் உப்பு ஊறியிருக்கும். நாற்று வேர் உப்பைத் தாங்காது. நல்ல தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்துக் கொட்டுங்கள். இதுபோல் மூன்று முறை. பிறகு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் காயவையுங்கள். கவிச்சி வாடை மிச்சமிருந்தால் பூனையும் பெருச்சாளியும் இரவோடு இரவாகக் கிளறிவிடும். வாடை போகாத பெட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு அடியில் ஒரு சாணுக்கு ஓர் ஓட்டை வீதம் விரல் தடிமனில் போட்டு, 3 இஞ்ச் தொட்டிகளை நெருக்கமாக உள்ளே நிறுத்துங்கள். தெர்மாகோல் சூடு கடத்தாது. தளத்தின் கொதிப்பும் பக்கவாட்டு வெயிலும் தொட்டிச் சுவரில் படாது. காற்றடிக்கும் நாளில் பெட்டியோடு தூக்கி உள்ளே வைக்கலாம். பெட்டி மிக ஆழமாக இருந்தால் மேல்பகுதியை அறுத்து, பெட்டிச் சுவர் தொட்டியின் வாய்க்கு ஒரு விரல் மேலே நிற்கும்படி வையுங்கள். ஆழப் பெட்டிக்குள் வெளிச்சம் போதாமல் நாற்று நெட்டையாக இழுத்துக்கொண்டு வளரும்.

அறுக்கும்போது உதிரும் வெள்ளை மணிகளை ஒரு துணி விரித்து அப்படியே வாரிவிடுங்கள். சாக்கடை வழியாகக் கடலுக்குப் போனால் மீன் அதை இரையென்று விழுங்கும். காசிமேட்டில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

வாசகி, திருவொற்றியூர்: கறுப்புத் தொட்டி சூடேறி வேரை வேகவைத்துவிடும் என்றும், வெள்ளைத் தொட்டியில் பாசி பிடிக்கும் என்றும் சொல்கிறார்கள். பிறகு எதைத்தான் வாங்குவது?

பதில்: இரண்டும் உண்மை. வெள்ளையில் வெளிச்சம் ஊடுருவும் ரகமாக இருந்தால் உட்சுவரில் பச்சைப் பாசி படியும். பாசி நாற்றைக் கொல்லாது. ஆனால் கலவை எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், பூஞ்சைக் கொசுவும் அங்கேதான் வந்து உட்காரும். தொட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே விரலை ஆட்டிப் பாருங்கள். நிழல் தெரியாவிட்டால் வெள்ளையே வாங்கலாம்.

கறுப்புக்கு வழி எளிது. தக்காளி விதை 25–30 டிகிரியில் நன்றாக முளைக்கும். 35-ஐத் தாண்டினால் முளைப்பு குறையும். மே மாதத்தில் பகல் வெயிலே 40-ஐத் தொடும்போது தனியாக நிற்கும் கறுப்புத் தொட்டியின் மேற்குச் சுவர் அதற்கும் மேலே போய்விடும். ஆகவே தனித்தனியாக வைக்காமல் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வையுங்கள். வெளிவரிசையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியோ அட்டையோ நிறுத்துங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் இந்தக் கவலை இல்லை. அப்போது கறுப்புத் தொட்டியின் இளஞ்சூடு முளைப்புக்குத் துணைதான்.

சதுரத் தொட்டி கிடைத்தால் அதையும் கவனியுங்கள். ஒரே வாய் அகலம், ஒரே உயரம் உள்ள வட்டத் தொட்டியைவிட அது கால் பங்குக்கு மேல் அதிகக் கலவை கொள்ளும். இடைவெளி இல்லாமல் அடையும், வெயில் உள்ளே நுழையாது.

வாசகர், பெரம்பூர்: 98 குழித் தட்டு ஒன்று வாங்கினால் தனித் தொட்டியைவிட மலிவாக வருகிறதே?

பதில்: நூறு நாற்று தேவைப்படுகிறவருக்கு மலிவு. உங்களுக்கு இருபதுதான் வேண்டுமென்றால் அப்படிச் சொல்ல முடியாது.

98 குழித் தட்டில் நீளவாக்கில் 14, குறுக்கே 7 குழிகள். ஒவ்வொரு குழியும் 20–25 மி.லி.தான் கொள்ளும். ஒரு தட்டை நிரப்ப ஏறத்தாழ 1.2 கிலோ தென்னை நார்க் கழிவு என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. பண்ணைகளில் விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, ஏறத்தாழ 6 நாளில் முளை தலைகாட்டியதும் நிழல்வலைக் குடிலில் பரப்புவார்கள். காலையும் மாலையும் பூவாளி பிடிக்க ஆள் இருக்கும். வீட்டு மாடியில் ஒரு மதியம் தவறினால் 20 மி.லி. குழி காய்ந்துபோகும், அதிலும் ஓரத்துக் குழிகள்தான் முதலில் காயும். 25 நாளில் வெளியேறும் தக்காளிக்கும் சாமந்திக்கும் அது சரி. 40 நாள் இருக்க வேண்டிய மிளகாயை அதில் வைத்தால் கடைசிப் பத்து நாள் பட்டினிதான். 18-ஆம் நாளில் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றச் சொல்வதும் குழியில் சத்து தீர்ந்துபோவதால்தான்.

தட்டுதான் வேண்டும் என்றால் 50 குழித் தட்டை வாங்குங்கள். குழி ஆழமாகவும் அகலமாகவும் இருக்கும். கத்தரிக்கோலால் பத்துப் பத்துக் குழியாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கு ஒரு துண்டு, தக்காளிக்கு ஒரு துண்டு என்று முதிரும் நாளுக்கேற்பத் தனித்தனியாக எடுத்துப்போக வசதி.

தட்டைத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் கம்பி வலையோ பலகைச் சட்டமோ போட்டு, குழியின் அடி ஓட்டைகள் காற்றில் தொங்கும்படி வைத்தால், ஓட்டை வழியே எட்டிப்பார்க்கும் வேர்நுனி காய்ந்து நின்றுவிடும். உள்ளேயே பக்கவேர்கள் பெருகும். தரையில் வைத்தால் வேர் வெளியே படர்ந்து, தூக்கும்போது அறுந்துபோகும்.

வாசகி, எண்ணூர்: பிளாஸ்டிக்கில் இருந்து ஏதோ இறங்குகிறது என்று நினைக்கிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. நாற்று இலை நுனி கருகுகிறது.

பதில்: பிளாஸ்டிக்கின் மேல் பழி போடாதீர்கள். அந்த வெள்ளைப் படிவு உப்பு. போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றே தோன்றுகிறது. மீஞ்சூர், எண்ணூர்க் கரையோரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியிருப்பது நெடுநாள் கதை. பெரிய செடிக்கு ஓரளவு தாங்கும் தண்ணீர், முளைத்து ஒரு வாரமான நாற்றுக்குத் தாங்காது. 200 மி.லி. தொட்டியில் தண்ணீர் ஆவியாகப் போகப்போக உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே வரும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்காரர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 500-க்குள் இருந்தால் நாற்றுக்குக் கவலையில்லை. 1000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் நாற்றுக்கு வேண்டாம். குழாயில் வரும் மெட்ரோ வாட்டரை வாளியில் ஓர் இரவு திறந்து வைத்து ஊற்றுங்கள். 26 தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போதும். அரிசி கழுவும் தண்ணீரைவிடக் குறைவு. மழைக்காலத்தில் ஒரு டிரம் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது, மூடியோடு.

கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். ஊறிய கட்டியைத் துணியில் கட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிழியுங்கள். முதலில் கடுந்தேநீர் நிறத்தில் வரும் தண்ணீர் வெளுத்துவரும்வரை, இரண்டு மூன்று தடவை. விலை குறைந்த கட்டிகளுக்கு இது கட்டாயம்.

இப்போது இருக்கும் தொட்டிகளில், நாற்றின் மேல் படாமல், தொட்டிக் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் படிந்த உப்பு பெருமளவு இறங்கிவிடும். விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இலை அதில் உரசினால் கருகும்.

வாசகர், ராயபுரம்: தயிர் கப், டீ கப் எல்லாம் இருக்கும்போது தொட்டி எதற்குக் காசு கொடுத்து?

பதில்: தயிர் கப் நல்ல தொட்டிதான். 200 கிராம் கப்பில் ஒரு தக்காளி நாற்று சுகமாக 25 நாள் இருக்கும். டீ கப் வேண்டாம். உயரம் போதாது, சுவரும் மெல்லியது. தூக்கியெறியும் பிளாஸ்டிக் கப்பும் உட்புறம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. நாற்றுக்கென்று அதைத் தேடி வாங்குவதில் நியாயமில்லை.

தயிர் கப்பில் ஓட்டை போடும் முறையில்தான் பலருக்குத் தப்பிப்போகிறது. ஆணியால் குத்தினால், 6-ஆம் எண் கப் நட்சத்திரமாக விரிசல் விட்டுவிடும். கப்பைக் கவிழ்த்து, அடியும் சுவரும் சேரும் முனையை நகவெட்டியால் நான்கு இடத்தில் கிள்ளி எடுங்கள். புகை இல்லை, விரிசல் இல்லை, ஓட்டையும் சரியான இடத்தில் வரும். கம்பியைச் சூடாக்கிப் போடுவதென்றால் வெட்டவெளியில், முகத்தை ஒதுக்கிக்கொண்டு செய்யுங்கள். 3-ஆம் எண் போட்ட பிளாஸ்டிக் எதையும் சூடாக்கவே கூடாது, அது பி.வி.சி., புகை நுரையீரலை அரிக்கும்.

கப் வெள்ளையாக ஒளி ஊடுருவும்படி இருந்தால் வெளியே ஒரு சுற்று செய்தித்தாளைச் சுற்றிவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அடி உருண்டை, ஆழம் குறைவு, ஓட்டை போடுவது கடினம். முளைக்கவைத்து ஒரு வாரத்தில் மாற்றுவதற்கு மட்டும் ஆகும்.

வாசகி, மாதவரம்: சென்ற ஆண்டுத் தொட்டிகளையே மறுபடி பயன்படுத்துகிறேன். முளைத்த நாற்றெல்லாம் தண்டு அடியில் சுருங்கிச் சாய்கிறது. தொட்டி காரணமா?

பதில்: பெரும்பாலும் ஆம், கூடவே தண்ணீரும். இது நாற்றழுகல். பித்தியம் போன்ற பூஞ்சைகள் பழைய வேர்த்துணுக்கிலும் சுவரில் ஒட்டிய மண்ணிலும் காத்திருந்து, ஈரமும் நெருக்கமும் கிடைத்ததும் தண்டைப் பிடிக்கும். தொட்டியைத் தண்ணீரில் அலசினால் மட்டும் போகாது.

முதலில் பழைய டூத்பிரஷால் மண், வேர், உப்புப்படிவு எல்லாவற்றையும் தேய்த்தெடுங்கள். அழுக்கு இருந்தால் மருந்து வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிவை மட்டும் இறுத்து, அதில் தொட்டிகளை 15 நிமிடம் முழுக்க மூழ்கவையுங்கள். வாசனை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் காயவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட், கழிவறை கழுவும் திரவம் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கு ஆபத்து. பழைய பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்திருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாவிட்டால் புதிது வாங்குங்கள்.

அடுத்து கலவை. பழையதை நாற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம், பெரிய பைகளில் கொட்டிவிடுங்கள். புதுக் கலவை ஒரு கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து, இரண்டு நாள் ஈரத்தோடு மூடிவைத்துப் பிறகு நிரப்புங்கள். ஒரு தொட்டிக்கு இரண்டு விதை போதும். இரண்டும் முளைத்தால் ஒன்றைப் பிடுங்காமல் கத்தரித்துவிடுங்கள். மேலே ஊற்றுவதற்குப் பதில், ஒரு தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்து அதில் தொட்டிகளை 15–20 நிமிடம் நிறுத்தி, மேற்பரப்பு கருத்ததும் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே சாய்ந்தவை மீளாது. பக்கத்துத் தொட்டிகளைக் காப்பாற்ற, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள்.

வாசகர், வண்ணாரப்பேட்டை: எங்கே வாங்குவது? ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம்.

பதில்: வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு ஆன்லைன் தேவையில்லை. பாரிமுனைப் பக்கத்து மொத்த விலைப் பிளாஸ்டிக் கடைகளில் கட்டுக்கணக்கில் கிடைக்கும். ஐம்பது, நூறு என்றுதான் தருவார்கள், அதனால் நான்கு வீடு சேர்ந்து வாங்குங்கள். கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி, நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். மேலே இருப்பது மட்டும் தடிப்பாக இருக்க வாய்ப்புண்டு. பத்து இருபது போதுமென்றால் மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகிற வழியிலுள்ள நர்சரிகளில் கேளுங்கள். செடி மாற்றிய பழைய தொட்டிகளைச் சில நர்சரிகள் குறைந்த விலைக்குக் கொடுக்கும். வெயிலில் ஓராண்டு கிடந்தும் வளைந்துகொடுக்கிற பழைய தொட்டி, கடையில் மினுமினுக்கும் புதுசைவிட நம்பகமானது. மேலே சொன்னபடி கழுவியாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால் மூன்று விவரம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்: உயரம் எத்தனை செ.மீ., மொத்தக் கட்டின் எடை, அடியில் ஓட்டை உள்ளதா. எடையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தொட்டியின் கிராம் கிடைக்கும். கொருக்குப்பேட்டை வாசகருக்குச் சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். ‘ஓட்டை போட்டுக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தால் ஐம்பது தொட்டிக்கு இருநூறு ஓட்டை நீங்கள் போட வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது எத்தனை பருவம் வரும் என்பதையும் சேருங்கள். 3 ரூபாய்த் தொட்டி ஒரு பருவத்தில் உடைந்து, 6 ரூபாய்த் தொட்டி ஆறு பருவம் வந்தால், இரண்டாவதுக்கு ஒரு நாற்றுக்கு ஒரு ரூபாய்தான் செலவு. குப்பையும் ஆறில் ஒரு பங்கு.

வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை: கீரை, முள்ளங்கி, கேரட்டுக்கு என்ன அளவு தொட்டி?

பதில்: எதுவும் வேண்டாம். நேராகப் பையில் விதையுங்கள். முள்ளங்கி, கேரட்டை இடம் மாற்றினால் கிழங்கு கவைத்துக்கொள்ளும்.

வாசகர், கொளத்தூர்: தொட்டிக்கடியில் தட்டு வைக்கலாமா? கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டை.

பதில்: வைக்கலாம், ஆனால் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி தண்ணீரே போதும்; முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஏழெட்டு நாள் ஆகும். தண்ணீர் ஊற்றி அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும்.

வாசகி, புளியந்தோப்பு: தொட்டியிலிருந்து நாற்றை எடுக்கும்போது மண் உதிர்ந்து வேர் மட்டும் கையில் வருகிறது.

பதில்: ஒன்று, அவசரப்பட்டிருக்கிறீர்கள், வேர் இன்னும் கலவையைப் பின்னிப் பிடிக்கவில்லை. அல்லது, காய்ந்த நிலையில் எடுத்திருக்கிறீர்கள். ஓட்டை வழியே வெள்ளை வேர்நுனி தெரிவதுதான் தயார் என்பதற்கு அடையாளம். எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தண்ணீர் கொடுங்கள். தண்டை இரு விரல்களுக்கு நடுவே விட்டு, உள்ளங்கையால் கலவையை மூடித் தொட்டியைக் கவிழ்த்து, பக்கச் சுவரை இரண்டு மூன்று இடத்தில் அமுக்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. சுவர் வளையாத தொட்டியாக இருந்தால் விளிம்பைப் பலகை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும்.

வெளியே வந்த கட்டியின் அடியில் வேர் வட்டவட்டமாகச் சுற்றியிருந்தால் நாள் தவறிவிட்டது என்று பொருள். அந்தச் சுருளை விரலால் மெல்லப் பிரித்துவிட்டு மாலை நேரத்தில் நடுங்கள். தக்காளியை மட்டும் முதல் இலைக்காம்பு மறையும்வரை ஆழமாக நடலாம், தண்டிலிருந்தே புது வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் தொட்டியில் இருந்த ஆழத்துக்கே நடுங்கள்.